டாண்டினோங் வீட்டுக்கு ஒரு ஹீட்டர் கடன்

குளிர் எனக்குப் புதுசில்லை. நான் கோத்தகிரிக்காரி. மார்கழியில் பூட்டிய வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாக வரும் ஊரில் பிறந்து, அதே ஊரில் வாக்கப்பட்டு, அங்கேயே தலை நரைத்தவள். அதனால், "ஜூன் மாதம் மெல்பர்னில் நல்ல குளிர், கனமான கோட்டு கொண்டு வா" என்று ஷெரில் எழுதியபோது சிரிப்புத்தான் வந்தது. யாரிடம் குளிரைப் பற்றிப் பேசுகிறாள் இவள்! ஒரு கம்பளி ஸ்வெட்டர், ஒரு சால்வை, ஒரு குல்லா, அவ்வளவுதான் எடுத்துக்கொண்டேன். விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்து வெளியே கால் வைத்ததும் காற்று முகத்தில் அறைந்தது. "அய்யோ அம்மா!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். எங்கள் ஊர்க் குளிர் சும்மா நின்றுகொண்டிருக்கும். இந்த ஊர்க் குளிர் ஓடிவந்து மோதுகிறது.

ஷெரில் யாரென்று சொல்லிவிடுகிறேன். மெல்பர்னில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வட்டியில்லாமல் சின்னச் சின்னக் கடன் கொடுக்கும் ஓர் அமைப்பில் வேலை செய்கிறாள். வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், முக்கியமாக ஹீட்டர். 2011-இல் நீலகிரிக்கு வந்தவள், எங்கள் மகளிர் குழுக் கூட்டமைப்பைப் பார்த்துவிட்டுப் போனாள். நான் அதன் செயலாளர். எங்கள் பக்கம் முன்பெல்லாம் குளிருக்குக் குமுட்டி அடுப்பில் கரியை மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார்கள். எங்கள் குழுப் பெண்கள் கடன் போட்டு, ஒவ்வொரு வீடாகப் புகைபோக்கி வைத்த இரும்பு அடுப்பு வாங்கினார்கள். புகை கூரைக்கு மேலே போகும், சூடு வீட்டுக்குள் நிற்கும். ஷெரில் என் வீட்டு அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து மூன்று டம்ளர் டீ குடித்துவிட்டு, "எங்கள் ஊருக்கு வந்து இதைச் சொல்ல வேண்டும்" என்றாள். ஏதோ மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வருஷமே டிக்கெட் வந்துவிட்டது. எங்கள் தெருவில் இரண்டு வாரம் அதுதான் பேச்சு.

தங்கியது சிவகாமி அன்ரி வீட்டில். நம் ஊரில் ஆன்ட்டி என்போம், இலங்கைத் தமிழர் வாயில் அது அன்ரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருஷத்துக்கு மேல் டாண்டினோங்கில் இருக்கிறார். ஷெரிலின் அமைப்பில் சம்பளம் வாங்காமல் மொழிபெயர்ப்பு செய்கிறார். வாசலில் என்னைப் பார்த்ததும், "உது என்ன பிள்ளை, மெல்லிய ஸ்வெட்டரோட வந்து நிக்கிறீர்? விசரே?" என்று பைத்தியக்காரிப் பட்டம் கட்டித் திட்டிக்கொண்டே தன் கோட்டைக் கழற்றி என் மேல் போர்த்தினார். குசினி என்கிற சமையலறைக்குள் கூட்டிப்போய் ஒரு கதிரையில் உட்கார வைத்து, இடியாப்பமும் சொதியும் சம்பலும் வைத்தார். நம் ஊர் இடியாப்பத்துக்கு நாம் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சாப்பிட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தச் சொதியைக் குடித்த பிறகு, இத்தனை வருஷம் ஏமாந்துவிட்டோம் என்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

மறுநாள் ஷெரிலின் அலுவலகம். மதியச் சாப்பாடு என்று ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாண்ட்விச்சைக் கொடுத்தாள். குளிர்காலத்தில் குளிர்ந்த ரொட்டி! நல்ல மனுஷி, அதனால் சத்தம் போடாமல் தின்றேன். அப்போதுதான் என்னை எதற்கு வரவழைத்தாள் என்பது புரிந்தது.

"எல்லாச் சமூகத்துக்காரர்களும் கடன் வாங்குகிறார்கள், ராணி. உன் தமிழ்ப் பெண்கள் மட்டும் வருவதில்லை. இலங்கையிலிருந்து படகில் தப்பி வந்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் நிறைய இருக்கின்றன. அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. ஏன் வர மாட்டேன் என்கிறார்கள்?"

"கூச்சமா இருக்கும்," என்றேன். "நான் பேசினா வருவாங்க, பாருங்க." அவ்வளவு தைரியம் எனக்கு.

இங்கே வட்டியில்லாக் கடனில் வாங்கச் சொல்லும் ஹீட்டர் என்னவென்று பார்த்தால், அது ஏசி! கோயமுத்தூரில் ஜவுளிக்கடைக்குள் ஜில்லென்று ஊதுமே, அதேதான். இங்கே அதே பெட்டி குளிர்காலத்தில் சூடாக ஊதுகிறது. புகை இல்லை, நாற்றம் இல்லை, சாதாரண மின்சார ஹீட்டரைவிடக் கரண்டும் ரொம்பக் குறைவாம். ஷெரில் அதைப் போட்டுக் காட்டினாள். நான் அதன் கீழேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கூட்டம் ஒரு சமூகக் கூடத்தில் நடந்தது. முப்பது பெண்கள் இருந்திருப்பார்கள். கைக்குழந்தைக்காரிகள், வேலைக்குப் போகிற வழியில் வந்தவர்கள், ஓரத்தில் இரண்டு மூன்று தமிழ்நாட்டுப் பெண்களும். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் ஒருத்தி கடன் வாங்கினால் மற்ற பெண்கள் அவளுக்குப் பொறுப்பு நிற்பார்கள், பேங்க் மேனேஜர் கேட்கும் ஜாமீன் எங்களுக்குத் தேவையே இல்லை, தலைவி கடைசியாகத்தான் கடன் எடுப்பாள், ஒரு வீட்டில் பணத் தட்டுப்பாடு வந்தால் மற்ற வீடுகள் அந்த மாசம் தாங்கிக்கொள்ளும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அப்படியே வாய் பிளந்து கேட்பார்கள் என்று எனக்கு எண்ணம்.

முன்வரிசையில் ராசாத்தி அக்கா என்று ஒரு பெரிய உடம்புக்காரம்மா. எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

"தங்கச்சி, இது எங்கட சீட்டு மாதிரித்தானே? நாங்கள் முகாமுக்குள்ளயே சீட்டுப் பிடிச்சனாங்கள்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய? கடல் கடந்து போய் அவர்கள் வீட்டுச் சமையலை அவர்களுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிறகு மட்டன் ரோல்ஸ் வந்தது, கட்லட் வந்தது, தேத்தண்ணி வந்தது. எல்லாரும் என் கையைப் பிடித்து, நல்லாக் கதைச்சீங்கள் என்றார்கள். கடனுக்குப் பேர் கொடுக்கத்தான் ஒருத்தியும் வரவில்லை. ஷெரில் மூலையில் நின்று என்னைப் பார்த்தாள். எனக்கு முகம் சுண்டிப் போயிற்று.

ரோல்ஸ் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண் எனக்குத் தட்டை நீட்டக் குனிந்தாள். அவள் சால்வையிலிருந்து கரிப்புகை வாடை அடித்தது. அந்த வாடையை நான் எந்தத் தூக்கத்திலும் கண்டுபிடிப்பேன். விறகுப் புகை வேறு, சமையல் புகை வேறு. இது பூட்டிய அறையில் கரி எரிந்து துணியில் ஏறிய வாடை.

"வீட்டுல கரி மூட்டுறியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் முகம் மாறிவிட்டது. தட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கூடத்தின் சமையலறைக்குள் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். விட்டால்தானே!

அவள் பெயர் தர்சினி. இருபத்தாறு வயசு இருக்கும். புருஷன் சுதன் கோழி இறைச்சி வெட்டும் ஃபாக்டரியில் வேலை. படகில் வந்தவர்கள், இப்போது தற்காலிக விசாவில் இருக்கிறார்கள். அகிலன் என்று ஏழு மாசக் குழந்தை. அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான்.

"நெஞ்சில சளி அக்கா. மூச்சு விட ஏலாமக் கிடந்தவன். இப்ப பரவாயில்லை. ஆனா வீட்டில புகையில்லாத சூடு இருந்தாத்தான் விடுவினமாம். நேர்ஸ் வந்து பாப்பாவாம்."

"அப்ப இந்த ஹீட்டரை வாங்கேன்! கடன் இங்கயே இருக்குதே, கண்ணு!"

"எனக்கு ஏலாது அக்கா." அவ்வளவுதான். குழாயைத் திறந்து தட்டுகளைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

சிவகாமி அன்ரி அன்று மாலையே தன் காரில் என்னை அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அன்ரி கார் ஓட்டுவதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம். கண்ணாடியில் பனி மூடினால் துடைப்பது இடது கை, எதிரில் வருகிறவரைத் திட்டுவது வாய், கியர் மாற்றுவது யார் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு ரவுண்டானாவை மூன்று தடவை சுற்றி, நான்காவது தடவை சரியான தெருவுக்குள் நுழைந்தோம்.

பழைய மர வீடு. ஹாலில் சுவரோடு சேர்ந்து ஒரு கேஸ் ஹீட்டர் இருந்தது. அதன் மேல் பூப்போட்ட துணி விரித்து, பிளாஸ்டிக் பூச்சாடி வைத்திருந்தாள். துணியைத் தூக்கினேன். சிவப்பு அட்டை ஒன்று கட்டித் தொங்கியது. விஷவாயு கசிகிறது, ஏற்றக் கூடாது என்று கேஸ் கம்பெனியிலிருந்து சோதிக்க வந்தவர் கட்டிவிட்டுப் போனதாம். அதற்குப் பிறகு கடையில் மலிவாக ஒரு மின்சார ஹீட்டர் வாங்கியிருக்கிறார்கள். கரண்டு பில் வந்ததும் சுதன் அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டான். அப்புறம்தான் கரி. முற்றத்தில் இறைச்சி சுடும் பார்பிக்யூ தட்டில் கரியை மூட்டி, கனிந்ததும் ஹாலுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணி திணித்திருந்தது.

வந்த ஆத்திரத்தில் அந்தத் துணிகளைப் பிடுங்கி எறிந்தேன். எங்கள் ஊர்த் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் குமுட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்து, மறுநாள் எழுந்திருக்கவே இல்லை. கதவை உடைத்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த வீட்டு வாசலில் நின்றுதான் நாங்கள் முதல் அடுப்புக் கடனைப் பற்றிப் பேசினோம்.

"ஏண்டி, உனக்குப் புத்தி இருக்குதா? சாவுறதுக்கா கடல்ல வந்தீங்க?" என்று கத்திவிட்டேன். தர்சினி அழுதாள். அன்ரி என் கையைப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

இந்த வீட்டின் சொந்தக்காரர் கணேசலிங்கம் என்று ஒரு பெரியவர், சிட்னியில் டூங்கபியில் இருக்கிறார். இவர்களுக்கு விசா தற்காலிகம், முன்பு வாடகைக்கு இருந்த சான்று ஒன்றும் இல்லை. எந்த ஏஜென்ட்டும் வீடு தரவில்லை. அவர் ஒருவர்தான், "தமிழ்ப் பிள்ளையள்தானே" என்று சாவியைக் கொடுத்தவர், முன்பணம்கூட வாங்கவில்லை. ஏசி மாட்ட வேண்டுமென்றால் சுவரில் ஓட்டை போட வேண்டும். ஓட்டை போட அவரைக் கேட்க வேண்டும். கேட்டால் பழைய ஹீட்டர் பழுது என்றும் சொல்ல வேண்டும்.

"அந்த அங்கிள் எங்களுக்குச் செய்தது காணும் அக்கா. அவரிட்ட இன்னும் ஒண்டு கேக்க எனக்கு வாய் வராது. அந்தக் கூடத்தில இருந்த முக்கால்வாசிப் பேரின்ர கதையும் இதுதான். ஆரோ தெரிஞ்ச ஆக்கள் மனமிரங்கிக் குடுத்த வீடுகள்."

கடன் வாங்கப் பெண்கள் ஏன் வரவில்லை என்று ஷெரில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாளே, காரணம் இதுதான். மறுநாள் காலையில் தர்சினியையும் கூட்டிக்கொண்டு போய் அவளிடம் சொன்னேன். அவள் கண்ணை விரித்துக்கொண்டு, "ஹீட்டரைப் பழுது பார்க்க வேண்டியது ஓனரின் பொறுப்பு. சட்டம் அவள் பக்கம் இருக்கிறது. புகார் கொடுக்கலாமே!" என்றாள். அன்ரி அதை மொழிபெயர்த்ததும் தர்சினி காதைப் பொத்திக்கொண்டாள். அங்கிள் மேல் புகாரா? அதற்குப் பதில் அவள் இன்னும் இரண்டு சட்டி கரி மூட்டுவாள்.

நான் அடுத்து சிட்னிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கும் டூங்கபியில் ஒரு பெண்கள் சங்கத்தில் பேச்சு, அன்ரியின் தங்கை வீட்டில் சாப்பாடும் படுக்கையும். "நான் பார்த்துப் பேசிட்டு வர்றேன்," என்றேன். தர்சினி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்கள் கேக்கக் கூடாது அக்கா. பிள்ளை மேல சத்தியம் பண்ணுங்கோ," என்றாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் குழந்தை மேல் சத்தியம்! பண்ணினேன். பண்ணிவிட்டு ஏன் பண்ணினோம் என்று சிட்னி போகும்வரை என்னையே திட்டிக்கொண்டேன்.

சிட்னி மெல்பர்னைவிட வெதுவெதுப்பு. ரயில்தான் படுத்தியது. ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். எத்தனை பிளாட்ஃபாரம், எத்தனை படிக்கட்டு! ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் தமிழ், நடுவில் சீன மொழி. கையில் சூடான உருளைக்கிழங்கு சிப்ஸ் பொட்டலத்தோடு ஏதோ ஒரு ரயிலில் ஏறி, சுகமாகத் தின்றுகொண்டே போனேன். எதிரே நர்ஸ் உடுப்பில் ஒரு பெண், என் சேலையைப் பார்த்துவிட்டு, "எங்கக்கா போறீங்க?" என்றாள். திருச்சிக்காரி. "டூங்கபி," என்றேன். "அய்யய்யோ, இது வடக்கால போற வண்டிக்கா!" அவளும் என்னோடு அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, திரும்ப ஏற்றிவிட்டுத்தான் தன் டியூட்டிக்குப் போனாள். சிப்ஸில் பாதியை அவளிடம் கொடுத்தேன். அவள் செய்த உதவிக்கு அது காணாதுதான்.

டூங்கபியில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கணேசலிங்கம் அங்கிளும் வந்திருந்தார். அன்ரியின் தங்கை இரண்டு தெரு தள்ளி இருப்பவரை அழைக்கத் தவறுவாரா? மெலிந்த மனிதர், ரிட்டயர்டு என்ஜினியர், பேச்சில் நிதானம். நண்டுக் கறியை உறிஞ்சிக்கொண்டே, நான் மெல்பர்னிலிருந்து வருகிறேன் என்றதும் அவரே ஆரம்பித்தார்.

"எனக்கும் அங்க ஒரு வீடு கிடக்கு. புதுசா வந்த பிள்ளையளுக்குக் குடுத்திருக்கிறன். தங்கமான பிள்ளையள். இண்டைவரைக்கும் ஒரு குறை சொன்னதில்லை."

பெருமையாகச் சொன்னார். குறை சொல்லாததால்தான் அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது ஐயா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. சத்தியம் வாயைக் கட்டிப்போட்டது. தண்ணீர் குடித்தேன். கை கழுவினேன். பின் வராந்தாவுக்குப் போய் தர்சினிக்குப் போன் போட்டேன்.

"உங்க அங்கிள் உள்ள உட்கார்ந்து நண்டு சாப்பிடறாரு. நீங்க குறையே சொல்றதில்லைன்னு ரொம்பச் சந்தோஷமா சொல்றாரு. நான் கேக்க மாட்டேன், சத்தியம் பண்ணிட்டேன். நீ பேசறியா, நான் வெச்சிடவா?"

அந்தப் பக்கம் குழந்தையின் சத்தம் கேட்டது.

"பிள்ளை எப்படி இருக்கான்?" என்று கேட்டேன்.

"சிரிக்கிறான் அக்கா. வீட்ட கூட்டிக்கொண்டு போகலாமாம், இந்தக் கிழமைக்குள்ள." பிறகு அவளே சொன்னாள்: "குடுங்கோ அங்கிளிட்ட."

உள்ளே போய் அவர் கையில் போனைக் கொடுத்தேன். நல்லபடியாகச் சிரித்துக்கொண்டுதான் வாங்கினார். கேட்கக் கேட்கச் சிரிப்பு போய்விட்டது. எழுந்து நின்றார். எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை? நான் அந்நிய ஆளே?" என்றார். பிறகு, "அழாதை. அழாமச் சொல்லு," என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. மேஜையில் யாரும் சாப்பிடவில்லை.

"இண்டைக்கே ஆளை அனுப்புறன். புது ஹீட்டர் நான் போட்டுத் தாறன். நீ ஒரு சதமும்..." என்றவர் பாதியில் நிறுத்திக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். கடைசியில் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே, "கடன் எடுத்துத் தானே வாங்கப் போறாவாம். இந்த நாட்டில தன்ர பேரில ஒரு சாமான் வேணுமாம். என்ன செய்ய, சொல்லுங்கோ?" என்றார்.

"பொம்பளைப் பிள்ளை கேக்குது, விடுங்களேன்," என்றேன். கேட்கக் கூடாது என்றுதானே சத்தியம், ஆமோதிக்கக் கூடாது என்று இல்லையே.

அங்கிள் யோசித்தார். பிறகு போனில் சொன்னார்: "சரி பிள்ளை, அப்ப இப்படிச் செய்வம். ஓட்டை என்ர, மெஷின் உன்ர. சுவர் இடிக்கிற கூலி, வயர் இழுக்கிற கூலி எல்லாம் நான். அந்தப் பழைய சனியனையும் கழட்டி எறியிறன். நாளைக்கு நீ வேற வீடு போனா உன்ர மெஷினைக் கழட்டிக்கொண்டு போகலாம். ஓட்டையை நான் அடைப்பன்."

என்ஜினியர் மூளை! எனக்கு அந்த மனிதரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. அன்று சாயங்காலம் சங்கத்தில் நான் பேசிய பேச்சு டாண்டினோங் பேச்சைவிடப் பாதி நீளம். கடன் வாங்குவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு ஓனரிடம் வாயைத் திறந்து கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். வாடகைக்கு விட்டிருப்பவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள், அவர்களிடம், நீங்களாவது போன் போட்டு அந்த வீடுகளில் குளிருதா என்று விசாரியுங்கள் என்றேன். எழுந்து போய் அங்கேயே போன் போட்டவர்கள் இருவர்.

மெல்பர்ன் திரும்பினால் புது முட்டுக்கட்டை. அமைப்பின் கமிட்டியில் டை கட்டிய ஒருவர், தர்சினியின் விசா முடியும் காலத்துக்குள் கடன் முடியாது என்று கண்டுபிடித்துவிட்டார். நாட்டை விட்டு அனுப்பிவிட்டால் யார் கட்டுவது? கேள்வி நியாயம்தான். அதை அவள் முகத்துக்கு நேரே கேட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எந்த நாள் என்ன கடிதம் வருமோ என்று இருப்பவளிடம் அதைக் கேட்பார்களா? தர்சினி தலையைக் குனிந்துகொண்டாள். ஷெரில் முகம் சிவந்து ஏதோ வாதாடினாள். நான் வாயைத் திறக்கப் போனேன், சிவகாமி அன்ரி என் முழங்கையில் கிள்ளினார். "பொறும். வெளியில ஆக்கள் நிக்கினம்."

கதவைத் திறந்துகொண்டு ராசாத்தி அக்கா உள்ளே வந்தார். பின்னால் நான்கு பெண்கள். கூடத்தில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான். ஒருத்தி ஃபாக்டரி உடுப்போடு வந்திருந்தாள். நாற்காலி போடும்வரைகூட ராசாத்தி அக்கா காத்திருக்கவில்லை.

"அவ போக வேண்டி வந்தா நாங்கள் கட்டுவம். எங்களில ஒராள் போனா மிச்சப் பேர் கட்டுவம். நாங்கள் முகாமில இருந்து, கடலால வந்து, இண்டைவரைக்கும் ஒருத்தியும் மற்றவளின்ர சீட்டுக் காசை ஏமாத்தினதில்லை. இதை அந்த ஐயாவுக்கு அப்படியே சொல்லுங்கோ அன்ரி."

அன்ரி அப்படியே சொன்னார். சொல்லும்போது அவர் குரலும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. டை கட்டியவர் அந்த ஐந்து பெண்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு எழுந்து, ராசாத்தி அக்காவுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார். கடன் பாஸ்.

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நான் சொல்லிக் கொடுத்து வந்த பெருமை இல்லை. நான் சொல்லிக் கொடுக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. எங்கோ தேயிலைக் காட்டில் நாங்கள் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்ததை, நாடே இல்லாமல் நின்ற இந்தப் பெண்களும் கைவிடாமல் கொண்டுவந்திருக்கிறார்களே என்ற பெருமை. ஷெரில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நானும் அவளும் அலுவலகத்து நடைபாதையில் நின்று மூக்கைச் சிந்தினோம். அன்றைக்கு அந்தச் சில்லிட்ட சாண்ட்விச்கூட ருசியாக இருந்தது.

மெஷின் மாட்ட வந்தவர் ஒரு கிரேக்கத் தாத்தா. சுவரில் ஓட்டை போடும்போது தர்சினி ஒவ்வொரு தூளையும் பெருக்கி எடுத்துக்கொண்டே இருந்தாள். "பயப்படாதே, உன் வீட்டை இடித்துவிட மாட்டேன்," என்று அவர் ஆங்கிலத்தில் சொல்ல, அவள் "ஓம் ஓம்" என்றாள். கணேசலிங்கம் அங்கிள் சிட்னியிலிருந்து நான்கு தடவை போன் போட்டு, ஓட்டை எவ்வளவு அகலம், எந்த உயரம் என்று விசாரித்துவிட்டார். பழைய ஹீட்டரைக் கழற்றி வெளியே வீசினார்கள். பார்பிக்யூ தட்டை நான் என் கையால் தூக்கிப் போய்த் தோட்டத்தில் கவிழ்த்துவிட்டு வந்தேன். நர்ஸ் வந்தாள், எல்லா அறையையும் முகர்ந்து பார்த்தாள், சரி என்றாள்.

நான் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளில்தான் அகிலன் வீட்டுக்கு வந்தான். பெட்டியை அன்ரி காரிலேயே வைத்துவிட்டு, பார்த்துவிட்டுப் போகலாம் என்று போனோம். சுதன் ஃபாக்டரி முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், தூங்காத கண்ணோடு நின்றுகொண்டிருந்தான். ராசாத்தி அக்கா கூட்டம் முழுவதும் ஹாலில். மெஷின் உஸ்ஸென்று மெல்ல ஊதிக்கொண்டிருந்தது. வெளியே காற்று ஜன்னலைத் தட்டிக்கொண்டிருக்க, உள்ளே நான் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

தர்சினி குழந்தையைப் பாயில் கிடத்தி அவிழ்க்க ஆரம்பித்தாள். மேல் போர்வை, குல்லா, கம்பளிச் சட்டை, அதற்குள் இன்னொரு சட்டை, கால் மூடிய பைஜாமா, கடைசியில் இரண்டு ஜோடி சாக்ஸ். ஒரு பனியனோடு அவன் காலைத் தூக்கி உதைத்தான். குண்டுக் கால். தர்சினி அவன் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த வீட்டுக்க வச்சு இவன்ர காலை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன், அக்கா," என்றாள். "குடிவந்த நாளில இருந்து குளிர், மூடியேதான் வச்சிருந்தனான்."

அகிலன் தன் கால் கட்டைவிரலைப் பிடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டான். சிவகாமி அன்ரிக்குப் பொறுக்கவில்லை, கீழே கிடந்த சாக்ஸை எடுத்து நீட்டினார்.

"போட்டு விடும் பிள்ளை, குளிரப் போகுது."

தர்சினி அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"வேண்டாம் அன்ரி," என்றாள். "என்ர வீட்டில குளிராது."